மூன்றாம் அறையின் மஞ்சள் இலைகள்

கல்யாணி வேலை செய்வது கஞ்சாப் பண்ணையில். பென்ரோஸ் என்ற தொழிற்பேட்டையில், ஜன்னலே இல்லாத ஒரு கட்டடத்துக்குள், அரசாங்க அனுமதியோடு மருந்துக்காக வளர்க்கிறார்கள். எல்லாம் சட்டப்படிதான். ஆனால் இதை அவள் குடியிருக்கும் நியூ லின்னில் அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சனத்திடம் சொல்லிப் பாருங்கள், முதல் சொல்லுக்குப் பிறகு ஒருவருக்கும் காது கேட்காது. அதனால் மூலிகைப் பண்ணை என்று சொல்லி வைத்திருந்தாள். "அப்ப கொஞ்சம் துளசி கொண்டு வாங்கோவன்" என்று கோயிலில் ஒருத்தி கேட்டபோது மட்டும் திருதிருவென்று முழித்தாள்.

வயது நாற்பத்தாறு. இங்கே வருவதற்கு முன் பதினொரு வருடம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டவள். இந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. முதல் தொண்ணூறு நாள் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். எண்பத்து நாலாம் நாள் காலையில் மூன்றாம் அறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். செடிகளின் அடியிலைகள் மஞ்சளாகித் தொங்கின.

அறைக்குப் பொறுப்பான சரத் வந்து பார்த்தான். கோயம்புத்தூர்க்காரன், விவசாயம் படித்தவன். எதற்கும் அவனிடம் உடனே பதில் இருக்கும்.

"நைட்ரஜன் பத்தலக்கா. பூ வச்சு அஞ்சாவது வாரம், இல்லையா? சாப்பாடு பத்தலேன்னா செடி கீழ இருக்கற பழைய இலையில இருந்து உறிஞ்சி மேல அனுப்பும். டேங்க்ல கொஞ்சம் கூட்டிருவோம்."

"பசியில்லாமல் குடுத்தா என்ன ஆகும்?"

"பூ இறுகாது. இலைதான் மண்டும். மொத்த அறையையும் குப்பையில போட வேண்டியதுதான்" என்று சிரித்துவிட்டு உரம் கலக்கப் போனான்.

பழுத்த இலைகளைக் கிள்ளி எண்ணுவது கல்யாணியின் வேலை. ஆறு வரிசை, வரிசைக்குப் பதினாலு செடி. குனிந்து கிள்ளிக்கொண்டே போனவளுக்கு மூன்றாவது வரிசையில் கை வெறுமனே நின்றது. கிள்ள ஒன்றுமில்லை. நாலாவதிலும் இல்லை. கடைசி வரிசை வரை எல்லாம் பச்சைப் பசேலென்று நின்றன. ஆறு வரிசைக்கும் ஒரே டேங்க், ஒரே சொட்டுக் குழாய். ஒரே பந்தியில் சாப்பிட்டவர்களில் முதல் இரண்டு வரிசைக்கு மட்டும் எப்படிப் பசிக்கும்?

மஞ்சள் இலை ஒன்றைத் தடவிப் பார்த்தாள். பட்டினி கிடந்த இலை மெலிந்து வெளிறியிருக்கும். இது உப்பி, கனத்துத் தொங்கியது. முதல் வரிசையில் ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள், பழைய முதுகு வலி ஞாபகம் வந்தது. நாலாவது வரிசைத் தொட்டி ஒரு கையில் எழும்பியது.

அப்போதுதான் அவளுக்குப் பகீர் என்றது.

முதல் இரண்டு வரிசையும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருப்பவை. அவற்றுக்கு மேலதிகமாகத் தண்ணீர் ஊற்றியது வேறு யாருமில்லை, அவளேதான். ஒரு நாளா, இரண்டு நாளா, ஆறு நாள்! கையால் ஊற்றுவதென்றால் சரத்திடம் கேட்டு, பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதும் தெரியும். எழுதவில்லை.

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நைட்ரஜன் பழியை ஏற்றுக்கொள்ளும். ஆனால் நல்லாயிருக்கிற நாலு வரிசையும் பாழாகும். வாயைத் திறந்தால் எண்பத்து நாலு நாளும் தண்ணீரில் போகும். இந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பப் பெட்டி தூக்கப் போவதை நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. முருகா, உனக்காகத்தானே பட்டினி கிடந்தேன் என்று கொஞ்சம் கோபமும் வந்தது. ஆனாலும் கால்கள் உரம் கலக்கும் அறைக்கு ஓடின. சரத் உரக் கேனின் மூடியைத் திறந்துவிட்டிருந்தான்.

"தம்பி, ஊத்தாதைங்கோ! அதுகளுக்குப் பசியில்லை, அஜீரணம்."

"என்னக்கா சொல்றீங்க?"

"முதல் ரெண்டு வரிசைக்கும் நான்தான் தண்ணி விட்டனான். ஆறு நாளும் பின்னேரத்தில, செடிக்கு ஒரு ஜக்."

"எதுக்கு?"

"கந்தசஷ்டி விரதம். எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. இலையெல்லாம் சோர்ந்து தொங்கிச்சுது. அதுகளுக்கும் தாகமெண்டு நினைச்சிட்டன்."

சரத் சிரிக்கவில்லை. "விளக்கு அணையற நேரத்துல அது அப்படித்தான்க்கா தொங்கும். வாடல, தூங்கப் போகுது" என்று முணுமுணுத்தபடி போய்த் தொட்டிகளைத் தூக்கிப் பார்த்தான். திரும்பி வந்து கேனை இறுக்கி மூடினான். இரண்டு வரிசைக்கும் சொட்டுக் குழாயை அடைத்தான். பிறகு தவறு நடந்தால் எழுதிக் கொடுக்கும் தாள் ஒன்றை நீட்டினான்.

"இதை எழுதித்தான் ஆகணும்க்கா. நீங்களே எழுதிருங்க."

காரணம் என்ற கட்டத்தில் கல்யாணி தன் ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். நான் விரதம் இருந்தேன். அவர்களுக்கும் தாகம் என்று நினைத்தேன்.

அடுத்த ஐந்து நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை விரதமில்லை, பயம். மஞ்சளான இலைகள் பச்சையாகவில்லை, அது நடக்கவும் நடக்காது. ஆனால் மஞ்சள் மேலே ஏறாமல் நின்றுவிட்டது. மற்ற நாலு வரிசையிலும் பூக்கள் கட்டி கட்டியாகத் திரண்டன.

தொண்ணூறாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். வெள்ளைக்காரப் பெண்மணி, அதிகம் பேசாதவர். மேசையில் அந்தத் தாள் கிடந்தது. கல்யாணி தன் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவர் காரணக் கட்டத்தை இன்னொரு தடவை படித்தார். படித்துவிட்டு, இந்த விரதம் அடுத்த வருடம் எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டார்.

கல்யாணி தடுமாறி, போனில் பஞ்சாங்கத்தைத் தேடித் தேதியைச் சொன்னாள். அவர் அடுத்த வருட நாட்காட்டியை எடுத்து, அந்த ஆறு நாளுக்கும் நீளமாக ஒரு கோடு போட்டு எழுதினார்: கல்யாணி விரதம். ஜக்கைப் பூட்டி வைக்கவும்.

அடுத்த வருட நாட்காட்டியில் தன் பெயர் இருப்பதைப் பார்த்த பிறகுதான், தன்னை அனுப்பப் போவதில்லை என்பது கல்யாணிக்கு விளங்கியது.