பத்து நாள் சீனா போன தையல்காரன்

எனக்கு மீரா முகைதீன் மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எழுதுவதை நட்பு என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்கள் ஊரான புதுக்கடையில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தது அவன் தையல்கடை. தேங்காப்பட்டணத்துக்காரன். எட்டு வருஷம் அரபு நாட்டில், தம்மாமில் யூனிஃபார்ம் தைத்துவிட்டு, தனக்கு முதுகுவலியோடும் மனைவி சைனப் பீவிக்கு இரண்டு வளையலோடும் ஊர் திரும்பியவன். பேச்சு குறைவு. அளவெடுத்து முடித்தால் ‘ம்’ என்பான். ஆள் அவ்வளவுதான்.

நான் அப்படியில்லை. சீனாவிலிருந்து வரும் தமிழ் வானொலிக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கடிதம் எழுதுகிறவன். எங்கள் ஊர் நேயர் மன்றத்துக்குத் தலைவரும் நான். அவர்கள் தும்மினாலும் பாராட்டி எழுதினேன். காலண்டர் வந்தது, ஸ்டாம்பு வந்தது, சிவப்புக் காகிதத்தில் வெட்டிய பன்றி உருவம் வந்தது. சீனாவுக்கு வா என்று அழைப்பு மட்டும் வரவில்லை. மன்றத்தில் ஆள் குறைந்தபோது முகைதீனைச் சேர்த்ததும் நான்தான்.

‘சீனாவும் நானும்’ என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு பத்து நாள் சீனப் பயணம். நான் யுவான் சுவாங்கில் தொடங்கிப் பதினொரு பக்கம் எழுதினேன். அவன் ஒரே பக்கம். தம்மாமில் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்து அறைச் சீனாக்காரன் கஞ்சி வைத்துக் கொடுத்தானாம். அதை டைப் அடித்துக் கொடுத்த பாவியும் நானே.

அவன் போனான்.

திரும்பி வந்தவனை ஊர் விடவில்லை. மகளை அங்கே டாக்டருக்குப் படிக்க அனுப்பலாமா என்று ரெஜிலா டீச்சர் அவனிடம்தான் கேட்டார். சீன இன்ஜின் தாங்குமா என்று மீன்பிடி வள்ளக்காரர்கள் கேட்டார்கள். “தாங்கும்” என்றான், வாங்கினார்கள். நான் விளக்கியபோதெல்லாம் கொட்டாவி விட்ட அதே ஊர். எனக்கு வயிறு எரிந்தது.

“நீ போயிருக்கணும் மக்கா,” என்றான் ஒருநாள். அந்த இரக்கத்தில் இன்னும் எரிந்தது.

போன வருஷம் ஒரு காலையில், சீன எல்லையில் கைகலப்பு என்று ஜாஸ்பர் டீக்கடை டிவியில் ஓடியது. கடையே கொதித்தது. நானும் சீனாவைக் கிழிகிழியென்று கிழித்தேன், வானொலியையும் விட்டுவைக்கவில்லை. முகைதீன் டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“முகைதீனே, நீரு ஒண்ணும் சொல்லல்லியே?” என்றார் ஜாஸ்பர்.

“செய்தது தப்புன்னுதான் தோணுது,” என்றான் மெதுவாக. “ஆனா சோறு போட்ட வீடுல்லா. திட்ட வாய் வரமாட்டேங்கு.”

கடை அடங்கிவிட்டது. யாரும் அவன்மேல் கோபப்படவில்லை. ‘அப்படியும் இருக்கும்’ என்பதுபோல் ஒருவர் தலையாட்டினார். நான் அதுவரை கத்தியது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

விலைபோய்விட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. அவன் வாயை அடைக்க ஒரு நாடே விருந்து வைத்திருக்கிறது. என் வாய் இருபத்திரண்டு வருஷமாகத் திறந்தே கிடக்கிறது, ஒருவனும் சீண்டவில்லை.

வானொலியின் அடுத்த கட்டுரைப் போட்டி முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. எழுந்து கடைக்கு வந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டு, ‘அன்பார்ந்த பெய்ஜிங் நண்பர்களுக்கு’ என்று அடித்தேன்.