பை நிறைந்தால் ஊருக்கு

போன வாரம் என் பத்தி வரவேண்டிய இந்த இடத்தில் பாகற்காய்ப் பொரியல் செய்வது எப்படி என்று வந்திருந்ததாம். அது நான் எழுதியதில்லை. எனக்குப் பாகற்காயைச் சாப்பிடவே தெரியாது... எழுத எங்கே தெரியப்போகிறது?

பதுளை பஜாரில் சாய்பு நானாவின் கடை வாசலில் நேற்று மாட்டிக்கொண்டேன். தேங்காய், வெங்காயம், மண்ணெண்ணெய் எல்லாம் விற்கிற கடை. வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தைப் படிக்கிற மனிதர்.

"என்ன சேர், போன கிழம உங்கட எழுத்தக் காணல்லியே. சொகமில்லியா?"

"சுகத்துக்கு என்ன குறை நானா? பெண்சாதியோட கடலுக்குப் போயிட்டேன்."

நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். மூக்கு கறுத்து, தோல் உரிந்து, காது மடல் வெந்துபோய் நின்றேன். "அது தெரியுது சேர்" என்றார்.

ஆமாம், போனோம். நானும் சரசும். பதினெட்டு வருட தாம்பத்தியத்தில் முதல் முழு விடுமுறை. பிள்ளைகள் மூவரையும் மச்சினி வீட்டில் விட்டுவிட்டு, ஏழு நாள், வடக்கே ஒரு குட்டித் தீவில். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த மாதமே நீங்கள் எல்லோரும் அங்கே போய் நிற்பீர்கள்.

முழு விடுமுறை என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் அரை விடுமுறை நடந்தது. பண்டாரவளையில் மூன்று நாள் தங்குவதாக ஏற்பாடு. முதல் நாள் மத்தியானமே, பெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலர் நின்றுவிட்டது என்று ஆள் வந்துவிட்டான். புதிய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்... ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் டீமேக்கர். கொழுந்து தேயிலையாகிற வரைக்கும் பொறுப்பு என் தலையில். உடனே ஓடினேன். சரசு இரண்டு நாள் தனியாக பண்டாரவளைப் பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அன்றைக்கு அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இந்த முறை, பெட்டி கட்டும்போது நிதானமாகச் சொன்னாள். "இங்க பாருங்க. பக்கத்துல ஒக்காந்து சோறு திங்கும்போதும் நீங்க பெக்டரியிலதான் இருக்கீங்க. இந்த ஏழு நாளு எனக்கு. தோட்டத்தப் பத்தி ஒரு பேச்சு வரக்கூடாது. இதுவும் பண்டாரவள மாதிரி ஆச்சுன்னா, இனிமே ஒங்ககூட நான் எங்கயும் வரமாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். அவள் மடுல்சீமைக்காரி.

சத்தியம் பண்ணினேன். சத்தியம் அப்புத்தளை ஸ்டேஷன் வரைக்கும் தாக்குப்பிடித்தது. ரயில் ஜன்னலில் எட்டிப் பார்த்த நான், "என்ன கவ்வாத்து வெட்டியிருக்கான், பாரு, செடியக் கொன்னுட்டான்" என்றேன். யாரோ ஒருவருடைய தோட்டம், யாரோ ஒருவருடைய செடி. எனக்கு என்ன வந்தது? சரசு எழுந்து ஜன்னல் ஷட்டரை இறக்கினாள், பொல்காவலையில் ரயில் மாறுகிறவரை ஏற்றவிடவில்லை.

எங்கள் மூட்டை முடிச்சைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, எனக்கு ஒரு மப்ளர். அது போதாதென்று, அட்டை கடித்தால் தேய்க்க ஒரு பொட்டலம் உப்பு. மழைநாளில் மலை ஏறுகிற எவரும் உப்பில்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டோம் அல்லவா, அந்தப் பழக்கம்தான். கடலுக்கு உப்பு மூட்டையோடு போன தம்பதி வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள்.

லோஞ்சுப் படகில் போய் இறங்கிய தீவில் எங்களுக்கு இடம் கொடுத்தது மங்கையக்கா. எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரின் சொந்தத் தமக்கை. தம்பி வேலையில் இருக்கிறான், அவன் வீடு சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது என்று சாவியைக் கொடுத்தார். பக்கத்து வளவில் அக்காவின் வீடு.

"வாருங்கோ, வாருங்கோ. சரியாக் களைச்சுப் போனியள். இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்."

எங்கள் பெக்டரித் தேயிலைதான். ஒரு சின்னத் துணிப் பையில் நான் கொண்டுபோய்க் கொடுத்தது. அக்கா பையை உதறிக் காலியாக்கி சரசிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேநீர் போட்டு வந்தார். ஒரு வாய் உறிஞ்சினேன். தீவுக் கிணற்றில் உவர்த் தண்ணீர். பெக்டரியில் தேநீர் ருசி பார்க்கிறவன் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, தொட்டியில் துப்புவான். இருபது வருடப் பழக்கம்... வாய் துப்பத் தயாராகிவிட்டது. விருந்து வந்த வீடு. கண்ணை மூடி விழுங்கினேன்.

விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தேனா? "எல நல்ல எலதான் அக்கா. நம்ம பெக்டரியில போன வாரம் அரச்சது. தண்ணிதான்..."

சரசு எழுந்து போனாள். முற்றம் முழுக்க மணல், மணல் முழுக்கச் சிப்பி. குனிந்து ஒன்றை எடுத்து, காலியான அந்தத் தேயிலைப் பைக்குள் போட்டு, சுருக்குக் கயிற்றை இழுத்தாள்.

"என்ன அது?" என்றேன்.

"ஒரு பேச்சுக்கு ஒரு சிப்பி. பை நெறஞ்சா அடுத்த லோஞ்சுல நான் ஊருக்கு."

கால் றாத்தல் தேயிலை கொள்கிற பை. எவ்வளவு பெரிதாக இருந்துவிடப் போகிறது?

மறுநாள் காலை நாலரைக்குக் கண் விழித்துவிட்டது. கால் தானாகச் செருப்பைத் தேடியது. எங்கே போகிறீர்கள் என்றாள். கொழுந்து வாடிருச்சான்னு பாக்க, என்றேன் தூக்கக் கலக்கத்தில். ஒரு சிப்பி. எட்டு மணிக்கு, "இந்நேரம் பெரட்டுக் கலைஞ்சு, ஆளெல்லாம் கொழுந்தெடுக்கப் போயிருக்கும்" என்று கடலைப் பார்த்துச் சொன்னேன். அதற்கும் ஒன்று. காற்று அடித்தால் ஒன்று, காற்று நின்றால் ஒன்று. என் வாயில் தோட்டத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லையோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் கேவலம். கரையில் மீன் காயப்போட்டிருந்தார்கள். பரப்பி வைத்திருந்த அழகைப் பார்த்ததும் என்னை அறியாமல் ஒரு பிடி கருவாட்டை அள்ளி, வாடின கொழுந்தைப் பார்ப்பதுபோல் உள்ளங்கையில் அமுக்கி, மூக்கருகே கொண்டுபோய், "இன்னும் கொஞ்சம் வாடணும்" என்றேன். காயப்போட்ட அம்மா என்னை முறைத்தார். சரசு இரண்டு சிப்பி போட்டாள். மீனைப் பற்றித்தானே பேசினேன் என்று வாதாடிப் பார்த்தேன். "கையி பெக்டரிக் கையி" என்று சொல்லிவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் பையைக் கையில் ஏந்திப் பார்த்தாள். "இன்னும் ஒன்னு கொள்ளும்" என்றாள். விளையாட்டாகச் சொல்வதுபோல்தான் இருந்தது. ஆனால் பெட்டியில் அவளுடைய சேலைகள் தனியாக மடித்து வைக்கப்பட்டிருந்ததை நான் பார்த்தேன்.

அன்றைக்கு மங்கையக்கா சொல்லித்தான் மணல் திட்டுக்குப் போனோம். கரையிலிருந்து கூப்பிடு தூரம். கடல் வற்றுகிற நேரத்தில் கணுக்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். "பின்னேரம் தண்ணி ஏறும். அதுக்குள்ளை வெளிக்கிட்டு வந்திடுங்கோ" என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னார்.

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு துண்டு மேகம் இல்லை. நமக்குத் தண்ணீர் ஏறுவதென்றால் என்ன? மேலே மலையில் மழை பெய்ய வேண்டும். அப்புறம்தான் ஆறு ஏறும். மழையே இல்லாமல் தண்ணீர் எப்படி ஏறும்? பாவம், அக்காவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திட்டில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. ஒரு நண்டு இருந்தது, அதுவும் எங்களைப் பார்த்துவிட்டுக் குழிக்குள் போய்விட்டது. நான் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். சரசுதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"தாலி கட்டும்போது ஒங்க கை நடுங்குச்சு. தெரியுமா?"

"யாருக்கு? எனக்கா?"

"ஒங்களுக்குத்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."

"பதினெட்டு வருசமாவா அடக்கிக்கிட்டு இருக்க?"

அப்போது சிரித்தாள் பாருங்கள். பதினெட்டு வருடச் சிரிப்பும் மொத்தமாக வந்தது. கண்ணில் தண்ணீர் வர, மணலில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. பிறகு என்னென்னவோ பேசினோம். சின்ன வயதில் எனக்கு பஸ் டிரைவராக ஆசை இருந்ததைச் சொன்னேன். அவளுக்கு என்னை முதலில் பிடிக்கவில்லை, என் மீசைதான் காரணம் என்றாள். எந்த நிமிடத்தில் நான் பெக்டரியை மறந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு சிப்பிகூட விழவில்லை.

திரும்பிப் பார்த்தால், வந்த வழியைக் காணவில்லை. அடையாளத்துக்குக் கழற்றி வைத்த செருப்பு இரண்டும் போய்விட்டன. சுற்றிலும் தண்ணீர், திட்டு பாதியாகியிருந்தது.

"மழையே பெய்யலையே..." என்றேன். வேறு என்ன சொல்வது?

இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது. மலையில் எங்கே நீந்துவது? தூரத்தில், கரைப்பக்கம், ஒருவர் வலையோடு நின்றார். "ஹலோ" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மெஷின் சத்தத்துக்குள் இருபது வருடம் கையைக் காட்டியே வேலை வாங்கியவன் நான்.

சரசு எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"நெறுவைக்கு வாங்கோ... ஓ... ஓ..."

கொழுந்து நிறுக்கக் கூப்பிடுகிற கூப்பாடு. அவள் அப்பா மடுல்சீமையில் கங்காணி. அவர் ஒரு மலையில் நின்று கூப்பிட, இவள் சின்னப் பிள்ளையாக அடுத்த மலையில் நின்று அதை வாங்கி, அதற்கடுத்த மலைக்கு அனுப்புவாளாம். அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடமாக என்னிடம் மெதுவாகப் பேசியிருக்கிறாள்.

அந்த மனிதர் வலையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். நீந்தி அல்ல, நடந்து. பாதி வழியில் நின்றுகொண்டு சொன்னார், "ஏன் அங்கை நிக்கிறியள்? நடந்து வாருங்கோ. இடுப்பளவுத் தண்ணிதானே."

இடுப்பளவுதான். ஆனாலும் நான் சரசின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் கோயில் திருவிழாவிலும் நாலடி தள்ளி நடக்கிற ஜோடி நாங்கள். கரை வந்த பிறகும் விடவில்லை.

"நிறுவைக்கு வரச்சொன்னியள்" என்றார் அவர், வலையைத் தோளில் போட்டபடி. "என்னட்டைத் தராசு இல்லையே, தங்கச்சி." சொல்லிவிட்டுச் சிரிக்காமல் போனார்.

சரசு குனிந்து, கரையிலேயே பெரிய சிப்பியாகப் பார்த்து ஒன்றை எடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த பையில் போட்டாள். சுருக்குக் கயிறு இழுபடவில்லை.

பையை வாங்கி நானும் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். "பை நெறஞ்சிருச்சு சரசு."

"ஆமா."

"அப்ப... ஊருக்கா?"

பையை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகினாள். "இது நான் கூப்பிட்ட தோட்டத்துக் கூப்பாட்டுக்கு நான் போட்டது. அதுக்கு நீங்க ஏன் மூஞ்சியத் தொங்கப்போடறீங்க? இன்னும் ரெண்டு நாளு இருக்கு. தாராளமாப் பேசுங்க. பையிலதான் எடமில்லையே."

பேசலாம் என்று அனுமதி கிடைத்த பிறகு, அந்த இரண்டு நாளும் எனக்குத் தோட்டத்தைப் பற்றிப் பேசத் தோன்றவேயில்லை. மனுஷ மனசு இருக்கிறதே... அதை என்னவென்று சொல்ல?

இதில் எனக்கு ஒன்று தோன்றியது. நாம் வாழ்வதே ஒரு தீவில்தான். சுற்றிவரக் கடல் இருக்கிறது என்று பள்ளிக்கூடப் படத்தில் பார்த்ததோடு சரி, பாதிப் பேர் அதில் கால் நனைத்ததில்லை. வீடும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கிறவர்தானே, எங்கே போய்விடப் போகிறார் என்று பார்க்காமலே விட்டுவிடுகிறோம். நான் விட்டிருந்தேன்.

வேலையைப் பற்றி ஒரு செய்தி. நான் இல்லாத நாட்களில் ரோலர் நிற்கவில்லை. அந்த வாரத்துத் தேயிலை வழக்கத்தைவிட நன்றாக வந்திருக்கிறது என்று தோட்டத்து மேனேஜர் துரை மகிழ்ந்துபோய்ச் சொன்னார். என்னிடமே சொன்னார்.

சிப்பிகள் இப்போது எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும், எவ்வளவு ஆசையாகப் பொறுக்கியிருக்கிறீர்கள் என்கிறார்கள். "எல்லாம் இவரு சேத்தது. அந்தப் பெரிசு மட்டும் என்னோடது" என்று சரசு அமைதியாகச் சொல்கிறாள். நான் தேநீர் கொண்டு வருகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, தையல் மெஷினில் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருட லீவுக்கு இப்போதே ஒரு புதுப் பை... இந்த முறை ஒரு றாத்தல் கொள்ளும்.