என் பெயர் வெட்டிய அண்டா

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை, லிட்டில் இந்தியாவிலிருந்து தெம்பனிஸ் வரைக்கும் ரயிலில் ஓர் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை... நிஜமாகவே கட்டிப்பிடித்தால்தான் அடங்கும். ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்கலாம்.

எதிர் சீட்டில் இருந்த பெரியவர் அண்டாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டுல விசேஷமா தம்பி?"

"ஆமாங்க. சம்சாரத்துக்குப் பொறந்தநாள்."

"பிரியாணியா?"

"இல்லைங்க. பீர்."

அடுத்த ஸ்டேஷனில் அவர் இறங்கிவிட்டார். அது அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷன்தானா என்று எனக்குத் தெரியாது.

தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் பீர் காய்ச்சுவது நான் இல்லை. என் மனைவி வசந்தி! உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டுத் தேவைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ள இந்த ஊரில் அனுமதி உண்டு, விற்கத்தான் கூடாது. விதிமுறை எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். படிக்காமல் அவள் அப்பளம்கூடப் பொரிக்க மாட்டாள்.

அவளுடைய ஒரே குறை, பாத்திரம். வீட்டில் இருப்பது ரசப் பாத்திரத்தைவிட ஒரு சுற்றுப் பெரியது, அவ்வளவுதான். காய்ச்சி, ஆற்றி, ஈஸ்ட் போட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து பாட்டிலைத் திறந்தால்... அவளுடைய பேட்மிண்டன் தோழிகள் நாலு பேரும் ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடுகிறார்கள். அதனால் இந்தப் பிறந்தநாளுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அடியில் குழாயும் பக்கத்தில் தெர்மாமீட்டரும் வைத்த பெரிய அண்டா. சனிக்கிழமை காலை தோழிகள் எல்லோரும் வந்து, கூட நின்று காய்ச்சுவதாக ஏற்பாடு.

"ஆன்லைன்ல ரெடிமேடாவே இருக்குங்க. எல்லாம் வெச்சே வருது. வாங்கிக் குடுத்தீங்கன்னா போதும்" என்றாள்.

புத்தி உள்ள கணவன் என்ன செய்வான்? ஆர்டர் பண்ணிவிட்டு நிம்மதியாக டிவி பார்ப்பான். நான் மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆயிற்றே! பதினைந்து வருஷமாக பவர்பாயின்ட் ஸ்லைடைத் தவிர வேறெதையும் உருவாக்கவில்லை என்றால் என்ன? படித்த படிப்பு எங்கே போகும்?

"எதுக்கு வாங்கணும் வசு? ஒரு அண்டா, ரெண்டு ஓட்டை. நானே செஞ்சு தரேன்!"

அவள் வாசலில் இருந்த செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தாள். அதுவும் நான் செய்ததுதான். சாய்ந்துகொள்ளச் சுவர் இருக்கும் வரை அது நிற்கும்.

"சரி" என்றாள். "சனிக்கிழமை காலைல எல்லார் முன்னாடியும் தண்ணி ஊத்துவேன். ஒரு சொட்டு ஒழுகினாலும், ஆயுசுக்கும் நீங்க இந்த வீட்டுல ஸ்க்ரூ டிரைவரைத் தொடக் கூடாது."

"டீல்!" என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது.

ஆக, ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு பாத்திரக் கடை. கடைக்காரர் அறுபதைத் தாண்டிய பாய். அப்பா காலத்திலிருந்து அங்கேயே கடை. ஸ்டீல் அண்டாவை எடுத்து விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ணங்...! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"எதுக்குத் தம்பி இவ்ளோ பெருசு? என்ன சமைக்கப் போறீங்க?"

நெற்றியில் தொழுகைத் தழும்போடு நிற்கும் மனிதரிடம் எப்படிச் சொல்வது? "பார்லி... பார்லியை வேக வெச்சு..." என்று இழுத்தேன். ஒரு வகையில் அது உண்மைதானே?

"பார்லி கஞ்சியா! ரொம்ப நல்லது தம்பி. உடம்புச் சூடு தணியும். நல்ல அகலமாவே எடுத்துக்குங்க" என்று மனசாரச் சொன்னார். என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்தப் பதற்றத்தில்தான் அது நடந்தது. அண்டாவை ஓரமாக நகர்த்தியபடி அவர் கேட்டார்... "பேர் வெட்டணுமா?"

சிந்தித்தேனா? ஒரு நொடிகூட இல்லை! பாத்திரக் கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் 'ஆமாம்' என்று சொல்வது நம் ரத்தத்தில் இருக்கிறது. எத்தனை கல்யாணத்துக்குக் குடம் வாங்கியிருப்பேன், எத்தனை புதுமனைப் புகுவிழாவுக்குக் குத்துவிளக்கு வாங்கியிருப்பேன்! நீட்டிய சீட்டில் மளமளவென்று எழுதிக் கொடுத்தேன். "நல்லா பெருசா, நடுவுல போடுங்க பாய்" என்று யோசனை வேறு. மெஷின் 'கர்ர்ர்' என்று பாடியது. ரயில் ஏறும் வரை ஒரே சந்தோஷம்.

வீட்டில் வசந்தி அண்டாவைச் சுற்றி வலம் வர ஆரம்பித்தாள். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. முகம் மலர்ந்தது. பாதிச் சுற்றில் நின்றுவிட்டாள்.

"என்னங்க... பொறந்தநாள் யாருக்கு?"

"உனக்குத்தான்."

"அப்புறம் ஏன் 'ச. கதிரேசன்'னு உங்க பேரு போட்டிருக்கு?"

அடக் கடவுளே! குனிந்து பார்த்தேன். ஆமாம், என் பெயர்தான். இனிஷியலோடு. கீழே தேதி வேறு.

"அது... கல்யாணத்துக்குக் குடுக்கிற குடத்துல, குடுக்கிறவன் பேருதானே போடுவோம்? அந்தப் பழக்கத்துல..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். கொஞ்சம் அடங்கும், என்னைப் பார்ப்பாள், மறுபடி ஆரம்பிக்கும்.

பெயர் வெட்டிய பாத்திரத்தை எந்தக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார்? அவள் போனை எடுத்தாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஆர்டர் பண்ணா வெள்ளிக்கிழமை வந்துடும்."

"வேண்டாம் வசு! ஓட்டை போட்டுக் காட்டுறேன். ஒரே ஒரு சான்ஸ்!"

புதன்கிழமை சாயங்காலம் அந்தச் சான்ஸ் வந்தது. வேலையிலிருந்து வந்ததும் ட்ரில்லை மாட்டி, அடியில் குழாய் வர வேண்டிய இடத்தில் வைத்து, உடம்பு பாரம் மொத்தத்தையும் கொடுத்து, ஃபுல் ஸ்பீடில் அழுத்தினேன். என்ன சத்தம் தெரியுமா! மாடி வீட்டு நாய் ஊளையிட்டது. புகை வந்தது. ட்ரில் முனை நீலமாகிப் போனது. அண்டாவில்? ஒரு பளபளப்பான புள்ளி. பொட்டு வைத்த மாதிரி.

வேறு வழியில்லாமல் செல்வத்தை வீடியோ காலில் பிடித்தேன். துவாஸ் கப்பல் பட்டறையில் ஃபிட்டர், புதுக்கோட்டைக்காரர். என் பழைய நண்பர்.

"அண்ணே, ஸ்பீடு எவ்ளோ வெச்சீங்க?"

"ஃபுல்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "நீங்க இன்ஜினியர்தானே? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சூடு பண்ணினா இன்னும் இறுகிப் போயிடும்ணே. மெதுவாச் சுத்தணும். எண்ணெய் விட்டுக்கிட்டே இருக்கணும். முதல்ல சின்ன ஓட்டை, அப்புறம் பெருசு. அவசரப்படவே கூடாது."

"என்ன எண்ணெய்?"

"வீட்டுல என்ன இருக்கு?"

இருந்தது நல்லெண்ணெய்தான். வசந்தி பாட்டிலை எடுத்து வந்தாள். மறு கையால் ட்ரில்லையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க எண்ணெய் விடுங்க. நான் போடறேன்" என்றாள். மெதுவாக... மெதுவாக... ஸ்டீல் சுருள் சுருளாக எழுந்து வந்தது. நான் இட்லிப்பொடிக்கு விடுகிற மாதிரி சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தேன். 'டப்' என்று ஓட்டை விழுந்தது! செல்வம் அங்கே கைதட்ட, நாங்கள் இருவரும் இங்கே குதித்தே விட்டோம். மாடி வீட்டு நாய் மறுபடியும் ஊளையிட்டது.

அடுத்தது தெர்மாமீட்டர் ஓட்டை. வசந்தி அளவு நாடாவை வைத்துப் பார்த்தாள். அண்டாவைத் திருப்பினாள். விரலை ஓர் இடத்தில் வைத்தாள்.

என் பெயர் மேல். சரியாக நடுவில்.

"வசு... கொஞ்சம் தள்ளிப் போடலாமே?"

"இந்த உயரத்துலதான் வரணும்."

"உயரம் சரி. ஆனா அந்தப் பக்கமும் அதே உயரம்தானே?"

"எண்ணெய் விடுங்க" என்றாள்.

விட்டேன். வேறென்ன செய்வது?

சனிக்கிழமை காலை. தோழிகள் நாலு பேரும் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அண்டா அடுப்பில் ஏறியது. வாளி வாளியாகத் தண்ணீர். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். குழாய் ஓரத்தில் ஒன்றும் இல்லை. அரை அண்டா நிறைந்தது. ஒன்றும் இல்லை. தெர்மாமீட்டரைத் தாண்டியது...

"ஐயோ, லீக்காவுது லா!" என்று கத்தினாள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஜெயந்தி.

என் பெயருக்குக் கீழே ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவர், ஸ்பானர், சுத்தியல் எல்லாம் கண்முன்னே வந்து விடைபெற்றன.

வசந்தி விரலால் அந்தச் சொட்டை எடுத்தாள். தேய்த்துப் பார்த்தாள். மோந்தாள்.

"நல்லெண்ணெய்!"

நட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த மிச்சம்! வீடே அதிர்ந்தது. ஜெயந்தி என் முதுகில் ஒரு போடு போட்டாள். ஆனால் எண்ணெய் பட்டால் பீரில் நுரை நிற்காதாம். தண்ணீரை எல்லாம் கொட்டி, நட்டுகளைக் கழற்றி, அண்டாவைத் தேய்த்துக் கழுவும் பாக்கியம் எனக்கே கிடைத்தது. பாட்டுப் பாடிக்கொண்டே தேய்த்தேன். மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை!

மதியத்துக்குள் முளைகட்டிய பார்லி கொதிக்கும் வாசனை காரிடார் முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, என்ன சமையல் என்று கேட்டார். "பார்லி கஞ்சி" என்றேன். வாய் பழகிவிட்டது.

தோழிகள் அண்டாவோடு மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். "எங்க வாங்கினே வசந்தி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வாங்கல. அவரு செஞ்சது" என்றாள் வசந்தி. அவ்வளவு பெருமையாக, என் கண்ணைப் பார்த்துக்கொண்டு. ரெடிமேட் அண்டா வாங்கியிருந்தால் இந்த ஒரு வாக்கியம் கிடைத்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அண்டாவோடு ரயில் ஏறப் போகிறேன். அவள் பெயரை வெட்ட வேண்டுமே. கஞ்சி எப்படி இருந்தது என்று பாய் கேட்பார். இந்த முறை உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

வாங்குவதா, செய்வதா என்று குழம்புகிறவர்களுக்கு என் ஆலோசனை: எதை வேண்டுமானாலும் செய்யுங்கள்... கடையில் "பேர் வெட்டணுமா?" என்று கேட்டால் மட்டும் மனைவிக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.