இடப்பக்கத்து வால்வு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எங்கள் தீவில், டெலானிபூர் மேட்டில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது தொழில். கவலைப்படுவது அதற்கும் முந்தைய தொழில்.

இடது விதைப்பையில் ஒரு கனம். காலையில் தெரியாது. மோட்டாரைத் தோளில் வைத்துப் படியேறிய நாட்களில் சாயங்காலம் இழுத்துப் பிடிக்கும். தொட்டால் மண்புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல் இருக்கும். புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டேன். ஒரு வருடம் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தையில்லை. அவள்தான் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தாள், ஊசி போட்டுக்கொண்டாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என்னுடைய கனத்துக்கும் அவளுடைய அழுகைக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று தோன்றிய பிறகு வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

இதெல்லாம் ஹோமியோபதி உருண்டையிலேயே கரைந்துவிடும் என்று போனில் வந்த ஒரு வீடியோவில் யாரோ பேசினதைக் கேட்டு, மின்னி பே பக்கம் இருந்த வங்காளி ஹோமியோபதி டாக்டரிடம் போனேன். வயதானவர். நோயாளிகளிடமே தமிழ் கற்றுக்கொண்டவர்.

அப்படி ஒரு பொறுமையை நான் பார்த்ததில்லை. எப்போது வலி, தூக்கம் எப்படி, வெயில் ஒத்துக்கொள்ளுமா, எதற்கெல்லாம் பயம் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்.

"கப்பல் ஏறினா பயம் டாக்டர் சாப். ஏறலைன்னா கப்பல் போயிடுமோன்னு பயம். போன் அடிச்சா பயம்..."

"பஸ், பஸ், போதும் பாய்! என் காகிதம் தீர்ந்துடும்."

நிற்கவைத்துப் பார்த்தார், படுக்கவைத்துப் பார்த்தார். படுத்ததும் வீக்கம் வடிந்தது.

"கேன்சர் மாதிரி இல்லே. ஸ்கேன் பார்த்து உறுதி பண்ணணும். இதுக்கு வெரிகோசீல்னு பேர். ரத்தம் மேலே போற குழாய்ல சின்னச் சின்னக் கதவு இருக்கு. கதவு சரியா மூடலைன்னா ரத்தம் திரும்ப இறங்கித் தேங்கும், குழாய் வீங்கும்."

"ஃபுட் வால்வு போயிடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

"க்யா வால்வு?"

தொட்டிக்குள் குழாயின் அடியில் அது இருப்பதையும், ஏறிய தண்ணீரை அது திரும்ப இறங்க விடாது என்பதையும் விளக்கினேன். அவர் முகம் மலர்ந்துபோனது. "அச்சா! இனிமே எல்லாருக்கும் இதையே சொல்றேன்."

"உருண்டையில சரியாயிடுமா?"

வேறொருவராக இருந்தால் தலையாட்டி இரண்டு புட்டியைக் கையில் கொடுத்திருப்பார். இவர் கண்ணாடியைக் கழற்றினார். "வலி குறைஞ்சதுன்னு சில பேர் சொன்னாங்க. மருந்தாலயா, பாரம் தூக்கறதை விட்டதாலயா, எனக்குத் தெரியாது. வீங்கின குழாய் என் உருண்டையில சுருங்கி நான் பார்த்ததில்லே. இது விந்தையும் கெடுக்கலாம்; குழந்தை வேணும்னா விந்து டெஸ்ட் பண்ணு, சர்ஜனைப் பாரு. எல்லாருக்கும் ஆபரேஷன் வேணாம். உனக்கு வேணுமான்னு அவர் சொல்லட்டும்."

ஆயுசு முழுக்க அந்த உருண்டைகளைக் கொடுத்தே வாழ்ந்த மனிதர் இதைச் சொன்னார். எழுந்து கும்பிடலாம்போல் இருந்தது. சர்ஜனுக்கு ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்:

"உன் பீவி எத்தனை டெஸ்ட் பண்ணா?"

நான் எண்ணி வைத்ததே இல்லை.

"நீ?"

"ஒண்ணுகூட இல்லே டாக்டர் சாப்."

"மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலை. நீ முதல்ல எதைப் பார்ப்பே?"

ஃபுட் வால்வைத்தான். அவசரப்பட்டு மோட்டாரைக் கழற்றாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், என் வீட்டில் நான்கு வருடமாக மோட்டாரையே கழற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடினாள்.

"ஒரு வருஷமாவா?"

"ம்."

"எனக்கு அத்தனை ஊசி போட்டப்ப பெஞ்சில உட்கார்ந்து என்னங்க பண்ணீங்க?"

"பயந்துகிட்டு இருந்தேன்."

மீன் சட்டியைத் தள்ளி வைத்துக் கையைத் துடைத்தாள். பிறகு, "அந்த லெட்டரை நனையாத இடத்துல வைங்க" என்றாள்.

வந்த திங்கட்கிழமை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டில் முதல்முறையாக என் பெயர் இருந்தது. உள்ளே கூப்பிட்டதும் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் அந்தப் பழைய பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போங்க. இந்தத் தடவை நான் பயந்துக்கறேன்."