ஏழு முறை மறந்தவர்

எங்கள் இணையவழிக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் அந்த அக்காவுக்குச் ‘சல்லடை’ என்று பெயர். வைத்தது நான்தான். பக்கத்து மேசைக்காரனுக்கு அந்த உரிமைகூடவா இல்லை? பதினோரு வருடமாகப் போலி மாணவர்களைப் பிடிப்பதே அக்காவின் வேலை. இல்லாத ஆள் பெயரில் இடம்பிடித்து, உதவித்தொகை வந்ததும் கம்பி நீட்டிவிடும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் அடைக்கும் ஒவ்வொரு இடமும் நிஜமாகப் படிக்க வந்த ஒருவருடையது. அதனால் அக்காவுக்கு அவர்களை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். தான் போன் செய்தாலும் பிறந்த தேதியைச் சொன்னால்தான் பேச்சு என்று அவருடைய கணவரே என்னிடம் புலம்பியிருக்கிறார்.

அன்று வெள்ளிக்கிழமை, மணி நாலு. செவிலி உதவியாளர் படிப்புக்கு முப்பத்து நான்கு விண்ணப்பங்கள் ஒரே முகவரியிலிருந்து, அதுவும் ஒரே கணினியிலிருந்து வந்திருந்தன. பதிவாளர் பட்டியலைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

“அஞ்சு மணிக்குள்ள எல்லாத்தையும் தூக்கிடுங்க. எடம் கிடைக்காம நிறைய பேர் காத்திட்டிருக்காங்க.”

ஒரு பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலை. வீட்டுக்குக் கிளம்ப நான் சந்தோஷமாகப் பையை எடுத்தேன். அக்கா அசையவில்லை.

“தம்பி, இதுல ஒண்ணு நிஜமா இருந்தா?”

“முப்பத்து நாலு பேரும் ஒரே வீட்டுலயாக்கா? அது என்ன வீடா, ரயிலா?”

“ஏன், விடுதியா இருக்கக் கூடாதா?”

யார் யார் எதற்கு உதவி கேட்டார்கள் என்று குறித்து வைக்கும் பதிவேட்டை அக்கா திறந்தார். முப்பத்து மூன்று பேர் ஒன்றுமே கேட்டதில்லை. அவ்வளவு சமர்த்து! மிச்சமிருந்த ஒரு பெண், வயது நாற்பத்தாறு, பத்தே நாளில் ஏழு முறை பாஸ்வேர்டை மறந்திருந்தார்.

அக்கா நாற்காலியோடு என் பக்கம் உருண்டு வந்தார். “பாருடா! ஏமாத்த வந்தவனுக்கு பாஸ்வேர்டு மறக்குமா? இது மனுஷி! நிஜ மனுஷி!”

அவர் கத்திய கத்தலில் எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. பையைக் கீழே போட்டேன்.

ஆனால் விதி ஒன்று இருந்தது. பட்டியலில் சிக்கியவர் வீடியோவில் முகத்தையும் அடையாள அட்டையையும் காட்டினால்தான் தப்பிக்கலாம். போன் செய்தோம். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தோம். நாலு ஐம்பதுக்கு, இயந்திர இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் கேட்டது.

“யாரு?”

“காலேஜ்லேர்ந்து பேசறேம்மா. உங்க அடையாள அட்டையைக் கொஞ்சம் வீடியோவுல...”

“உன்ன மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன்! வேற ஆளப் பாரு!”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போலிகளைப் பிடிக்கிறவரே போலி என்று திட்டு வாங்கியதை வேறு எங்கே போய்ப் பார்ப்பது! அக்காவின் முகம் சுண்டிப் போனதைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. இன்னும் எட்டு நிமிடம்.

அக்கா சட்டென்று கழுத்திலிருந்த தன் அலுவலக அட்டையைக் கழற்றினார். வீடியோ அழைப்பு போட்டு, எதிர்முனை எடுத்ததுமே அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

“மொதல்ல நான் காட்டறேம்மா. நல்லா பாத்துக்கோங்க.”

அந்தப் பெண் கண்ணைச் சுருக்கினார். “போட்டோவுல இருக்கறது உங்கள மாதிரி தெரியலையே.”

“அது பதினோரு வருஷத்துக்கு முந்தி எடுத்ததும்மா!”

அங்கே சிரிப்பு வெடித்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவரும் தன் அட்டையைக் காட்டினார். அவருக்குப் பின்னால் ராட்சச சலவை இயந்திரங்கள், மலைமலையாக வெள்ளைப் படுக்கை விரிப்புகள். தான் தங்கியிருக்கும் விடுதியில் எல்லாருக்கும் ஒரே கணினிதான், அதில் வெளியாள் எவனெவனோ வந்து உட்காருவான் என்றார்.

நாலு ஐம்பத்தெட்டு. அக்கா பொத்தானை அழுத்தினார். முப்பத்து மூன்று பெயர்கள் மறைந்தன. ஒன்று நின்றது.

“உங்க பேரு இருக்கும்மா. எடம் உங்களுக்குத்தான்.”

அவர் மெதுவாகக் கேட்டார்: “பதினெட்டு வருஷமா ஆஸ்பத்திரித் துணியத் தொவைக்கிறேன். ஒரு தடவகூட வார்டுக்குள்ள விட்டதில்ல. இனிமே அந்தக் கட்டில் பக்கத்துல நானும் போய் நிக்கலாம், இல்லீங்களா?”

அக்கா வாயைத் திறப்பதற்குள் போனைப் பிடுங்கி நான்தான் கத்தினேன்: “தாராளமா நிக்கலாம்!”