இசபெல் அக்கா வாங்கிய திறப்பு

பதவியில் இருந்தபோதே இறந்துபோன சனாதிபதி ஒருவரின் கையால் வீட்டுத் திறப்பு வாங்கியவர் இசபெல் அக்கா. தலவிலவுக்குப் பக்கத்தில் கருவாடு காயப்போட்டுப் பிழைக்கும் அவருக்கு இன்றுவரை வீடு இல்லை. பக்கத்து வளவுக்காரனான நான் அவருக்காக ஏழு மனு எழுதினேன். வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

அன்றைக்கு மேடையில் இருந்தது ஒரேயொரு திறப்பு. ஒரு முழ நீளச் சாவி, பொன்வர்ணம் பூசியது. வீடு கிடைக்கவிருந்த இருபது பேரின் சார்பாக அக்காவை ஏற்றினார்கள். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. இடுப்பில் பிள்ளை, கையில் திறப்பு, பக்கத்தில் சிரித்தபடி சனாதிபதி.

"வாற மாதம் குடிபோகலாம் தங்கச்சி" என்றாராம்.

படம் எடுத்து முடிந்ததும் ஓர் உத்தியோகத்தர் திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு வேண்டுமாம். வாற மாதம் வந்தது; சனாதிபதி இல்லை. அத்திவாரம் வெட்டிய இடத்தில் ஆடு மேய்ந்தது.

"அவர் இருந்திருந்தா தந்திருப்பார்" என்று அக்கா இன்றைக்கும் சொல்வார். எனக்கு அந்த நம்பிக்கையைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

போர் முடிந்த பிறகு புதிய வீட்டுத்திட்டம் ஒன்று வந்தது. சாட்சிக்கு அக்கா வைத்திருந்த அந்த மேடைப் படத்தையும் கொண்டுபோவோம் என்று சொன்ன மடையன் நான்தான். புத்தளத்தில் வீடமைப்புக் கந்தோர் உத்தியோகத்தர் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு முந்தியே வீடு குடுத்தாச்சே. ஒரு ஆளுக்கு ரெண்டு வீடு இல்ல."

"எங்க சேர் அந்த வீடு? காட்டுங்க, இண்டைக்கே போய்க் கூட்டுறன்."

அவர் பட்டியலில் அக்காவின் பெயரை வெட்டினார். நான் ஆப்பிழுத்த குரங்காக நின்றேன்.

ஆனால் சனாதிபதியின் நினைவு தினத்துக்கு மட்டும் அக்கா வருடம் தவறாமல் வேண்டும். தலைவரால் வாழ்வு பெற்றவர் என்று முன்வரிசைக் கதிரையில் இருத்துவார்கள். சனாதிபதி பிறந்தது, உழைத்தது, இறந்தது எல்லாம் பேசி, கட்டிக்கொடுத்த வீடுகளையும் சொல்வார்கள். அதில் அக்காவின் வீடும் சேர்த்தி.

போன வருடம் அந்தப் பழைய படத்தைப் பெரிய பிளாஸ்டிக் பதாகையாக அடித்து மேடையில் கட்டியிருந்தார்கள். பேச்சு முடிவதற்குள் மழை பிடித்தது. எல்லோரும் ஓட, அக்கா மேடையேறிக் கயிறுகளை அவிழ்த்தார்.

"அம்மா, வையுங்க! அது சனாதிபதிட படம்!" என்று ஏற்பாட்டாளர் கத்தினார்.

"ஓம் மகன். வீடு தாறன் எண்டவர் அவர்தானே. கூரையாவது தரட்டும்."

நானும் ஒரு முனையைப் பிடித்தேன். அக்காவின் குடிசையில் கிடுகுக் கூரை உக்கிக் கொட்டிய பக்கத்தில், படம் உள்ளே தெரியும்படி அதை இழுத்துக் கட்டினோம். இப்போது பாயில் படுத்தால் சனாதிபதி சிரிப்பது தெரியும். மழை ஒழுகுவதில்லை.

இந்த வருட நினைவு தினத்துக்கும் அழைப்பிதழ் வந்திருக்கிறது. வரும்போது பதாகையைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி அடியில் எழுதியிருக்கிறார்கள்.