கலவன் கப்பல்

போன கிழமை மோட்டார் சைக்கிளில் பாலமுனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு பள்ளிக்கூடப் பெயர்ப் பலகைக்குப் புதிதாய்ப் பெயின்ட் அடித்திருந்தார்கள். 'முஸ்லிம் கலவன் பாடசாலை' என்பதில் அந்தக் 'கலவன்' மட்டும் பளிச்சென்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் இருந்த மனைவி, "என்ன, தனியச் சிரிக்கிறீங்க?" என்றாள். ஓடும் வண்டியில் வைத்து விளக்கக்கூடிய சங்கதியா அது? உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தால் ஊருக்கு அது கலவன். எனக்கும் ரிபானுக்கும் அது ஒரு விண்வெளிக் கப்பல். கல்முனையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். போட்டோகொப்பி, டைப்பிங் எல்லாம் பகல் லுஹர் தொழுகை வரைக்கும்தான். தொழுதுவிட்டு வந்தால் பின்னேரத்து அசர் வரைக்கும் ஈ ஓட்டுவதுதான் தொழில். சூடான போட்டோகொப்பித் தாளின் வாசம் கடைக்குள் அப்படியே நிற்கும். இரண்டு கம்பியூட்டர்களையும் வயரால் இணைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் எதிரியாகக் கிரகம் பிடிக்கும் விளையாட்டுக்குப் புறப்படுவோம். முதலாளி பகல் சோற்றுக்குப் பிறகு உறங்கும் மனிதர்.

அந்த விளையாட்டில் கப்பலை நாமே வடிவமைக்க வேண்டும். சண்டையே அங்கேதான். ரிபான் ஒற்றை ஆயுதக் கட்சி. லேசர் என்றால் கப்பல் முழுக்க லேசர். "எல்லாத் துவக்கும் ஒரே தூரத்துக்குச் சுட்டாத்தான் மச்சான் அடி. ஒன்ட கலவன்ல பாதி சுடும், மத்தப் பாதி பாத்துக்கொண்டு இரிக்கும்" என்பான். நான் பாதி ஏவுகணை, பாதி லேசர். "எதிரி ஒன்னத் தெரியாதவன் எண்டா ஒத்த ஆயுதம் சரி. தெரிஞ்சவன் எண்டா அதுக்கேத்த தடுப்போட வருவான். அவனுக்குக் கலவன்தான்" என்பேன், பெரிய தளபதி மாதிரி. பெரும்பாலும் தோற்றது நான்தான், அதை விடுங்கள்.

பிறகு அவனுக்குக் கட்டார் விசா வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பகல், "போகாம இரேன்டா" என்று கேட்டேவிட்டேன். "சரி, கடைசியா ஒண்டு விளையாடுவம். நீ வெண்டா நான் போகல்ல" என்றான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் சிரிக்கவில்லை.

அன்றைக்கு என் கொள்கையைத் தூக்கிப் போட்டேன். வழக்கம்போலக் கலவன் வரும் என்று நம்பி அவன் தடுப்பையும் பாதி பாதியாகப் பிரித்து வைத்திருப்பான். முழுக்க ஏவுகணையோடு போனால் ஒரே அடியில் முடித்துவிடலாம். அப்படித்தான் போனேன். பார்த்தால், அவனுடைய ஒவ்வொரு கப்பலிலும் ஏவுகணையைச் சுட்டு விழுத்தும் துவக்குகள். என்னுடையது ஒன்றுகூட அவனைத் தொடவில்லை.

"எப்புடிடா தெரிஞ்ச?"

"சும்மா விளையாடினா கலவன் வெப்பாய். இண்டைக்கு வெல்லணும் எண்டு வந்தாய், அதான் ஒத்தைக்கு மாறுவாய் எண்டு நெனச்சன். லேசர் என்ட ஆயுதம் எண்டு அதத் தொடமாட்டாய்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் கம்பியூட்டரை நிறுத்தினான். அடுத்த கிழமை விமானம் ஏறிவிட்டான்.

இப்போது அந்த இடத்தில் போன் கடை. பெருநாளைக்குப் பெருநாள் அழைப்பான். சலாம் சொல்லி, பிள்ளைகளின் சுகம் விசாரித்து, அங்கத்தைய வெயிலைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவோம். போன பெருநாளன்று ஒரு ஆசையில், "இப்ப விளையாடினா நான் என்ன வெப்பன், சொல்லு பாப்பம்" என்றேன்.

யோசித்தான். "தெரியல்லயேடா மச்சான்" என்றான்.

போனை வைத்த பிறகு நானும் யோசித்துப் பார்த்தேன். அவன் என்ன வைப்பான் என்று எனக்கும் தெரியவில்லை.